34 அடிப் படகும் மூன்றாம் நாள் வயிற்றுவலியும்

கடலே இல்லாத ஊர் இலஞ்சி. பழந்தமிழில் இலஞ்சி என்றால் குளம், நீர்நிலை. எங்களுக்குத் தண்ணின்னா சிற்றாறு, குளம், மேல இருந்து விழுற அருவி. அவ்வளவுதான். கடலைப் பார்க்கணும்னா தூத்துக்குடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போகணும்.

அப்படிப்பட்ட ஊர்ல கிளினிக் வச்சிருக்கிற ஒரு டாக்டர் பாய்மரப் படகைப் பத்தி இவ்வளவு நீளமா ஏன் எழுதுறார்னு உங்களுக்குத் தோணும். கொஞ்சம் பொறுமையா வாங்க. படகுல ஆரம்பிச்சு உங்க வீட்டு வயிற்றுவலியில கொண்டுவந்து நிறுத்துறேன்.

முதல்ல எனக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

நான் படிச்சது தூத்துக்குடியில. சாயங்காலம் பழைய துறைமுகம் பக்கம் போனா தோணிகள் வரிசையா நிக்கும். மரத்துல செஞ்ச பெரிய சரக்குத் தோணிகள். ஒரு காலத்துல முழுக்கப் பாய்லயே ஓடினது, பிறகு இஞ்சின் வந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போகும். தோணியை நடத்துறவரைத் தண்டல்னு சொல்லுவாங்க.

அந்தத் தண்டல்கள்கிட்ட பேசினப்போ எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. ஜூன், ஜூலையில நமக்குக் குற்றாலத்துல சாரல் கொண்டுவந்து சீசனை ஆரம்பிச்சு வைக்கிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்க கடலைக் கொந்தளிக்க வச்சு தோணியைக் கரையில கட்டிப் போட வைக்குது. ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்து நமக்குக் குளுகுளுன்னு இருக்கும். அவங்களுக்கு அது வேலை இல்லாத மாசம். ஒரே காத்துதான். நாம எங்க நிக்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் விடலை. ராத்திரி கிளினிக் முடிச்சு வந்து கடல் பயணப் புத்தகம்தான் படிப்பேன்.

என்னோட படிச்ச நண்பன் ஒருத்தன் நியூசிலாந்துல மயக்க மருந்து நிபுணர். ஆக்லாந்துல இருக்கான். அங்க வீட்டுக்கு வீடு படகு வச்சிருப்பாங்களோன்னு தோணுற அளவுக்குக் கடற்கரை பூரா பாய்மரம். அவனும் ஒண்ணு வாங்கினான். 34 அடி நீளம், நாற்பது வருஷம் பழைய ஃபைபர் கிளாஸ் படகு. போன தடவை போனப்போ நாலு ராத்திரி அந்தப் படகுலயே தங்கினேன்.

34 அடின்னா எவ்வளவுன்னு யோசிங்க. நம்ம ஊர் டவுன் பஸ் நீளம்தான். ஆனா நடுவுல அகலம், ரெண்டு முனையும் ஒடுங்கிப் போகும். அதுக்குள்ள சமையலறை, கழிவறை, நாலு பேர் படுக்க இடம், ஒரு மேசை, டீசல் இஞ்சின், பேட்டரி, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கணும். அடியில ஈயமோ இரும்போ சேர்த்த கனமான பாரம். படகு சாய்ஞ்சாலும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி நிமிர்த்துறது அதுதான்.

உள்ள இருக்கிற தண்ணி மொத்தமே 200 லிட்டர். குற்றாலத்துல அருவியில அரை மணி நேரம் நின்னு குளிக்கிற நான், அங்க ஒரு சொம்புத் தண்ணியில உடம்பு கழுவினேன். பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி, கடைசியா அலச மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணி. அடுப்பு ஒரு கொக்கியில தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் சாம்பார்ச் சட்டி நேரா நிக்கும்.

முதல் ராத்திரி எனக்குத் தலை சுத்தி வாந்தி. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுது"ங்கும், அறைக்குள்ள இருக்கிற கண் "ஆடலையே"ங்கும். ரெண்டு பேர் சண்டையில மூளை குழம்பி வயித்தைக் காலி பண்ணிடும். வெளிய வந்து தொடுவானத்தைப் பார்த்தா கண்ணும் காதும் சமாதானம் ஆகும். பஸ்ல வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் சீட்டுல உட்கார வச்சு தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்றதும் இதுக்குத்தான்.

"படகு வச்சிருக்கிறது எப்படிடா இருக்கு?"ன்னு கேட்டேன். "யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரிடா. ஆனா யானை நம்ம மேல பாசமா இருக்கும்"னான்.

வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரைக்கு ஏத்தணும். அடிப்பக்கம் ஒட்டியிருக்கிற சிப்பி, பாசியைச் சுரண்டி, அது ஒட்டாத பெயிண்ட் அடிக்கணும். பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற எஃகுக் கம்பிகள் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனாலும் பத்துப் பதினைஞ்சு வருஷத்துல மாத்திடணும். உப்புத் தண்ணியில எது எப்போ அறும்னு சொல்ல முடியாது. அவன் லீவுல பாதி நாள் ஓடுறதுக்கு இல்லை, ரிப்பேருக்குத்தான் போகுதாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். படகோட அடியில தண்ணி உள்ள வர, வெளிய போகச் சில வால்வுகள் இருக்கும். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்துலயும் ஒரு கூம்பு மரக்கட்டை கயித்துல கட்டித் தொங்குது. வால்வு உடைஞ்சா உடனே அந்தக் கட்டையை ஓட்டையில அடிச்சு அடைக்கணும். இருட்டுல முழங்கால் தண்ணியில நின்னு கட்டையைத் தேட முடியாது. அதனால ஓட்டை விழறதுக்கு முன்னாடியே, எங்க விழுமோ அங்கேயே கட்டித் தொங்க விட்டிருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

அவனும் அவன் மனைவியும் மே மாசம் புயல் சீசன் முடிஞ்சதும் ஆக்லாந்துல கிளம்பி டோங்கா தீவுகளுக்குப் போவாங்க. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நல்ல காத்து இருந்தா பத்து நாள். நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஆஸ்பத்திரி கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது. நியூசிலாந்துப் படகு அப்படி வெளிக்கடலுக்குப் போகணும்னா பாதுகாப்புச் சோதனை முடிச்சு சான்று வாங்கணும். மருந்துப் பெட்டியும் அந்தச் சோதனையில உண்டு.

மருந்துப் பெட்டியோட மூடிக்குள்ள அவன் கையெழுத்துல ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூணே வரி.

வயிற்றுவலி ஆறு மணி நேரம் தாண்டினா, கரையில இருக்கிற டாக்டருக்கு சாட்டிலைட் போன்.

வலியோட காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தா, பக்கத்துக் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பு.

யாருக்கு வலியோ அவர் முடிவெடுக்கக் கூடாது.

"நீயே டாக்டர்தானடா, இதுக்கு எதுக்குத் தாள்?"னு கேட்டேன்.

"எனக்கு வலி வந்தா நான் டாக்டர் இல்ல, பேஷன்ட். இன்னும் ரெண்டு நாள்ல ஊர் வந்துரும், தாங்கிக்கலாம்னுதான் எனக்கும் தோணும். அதான் நல்லா இருக்கும்போதே எழுதி வச்சேன்"னான்.

இந்தத் தாளுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. நம்ம தமிழ் மாலுமிகளும் அதுல வர்றாங்க.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர். 1928-ல ஸ்வாப்ங்கிற படகுல நியூயார்க்ல இருந்து கிளம்பினார். ஸ்வப்னம், அதாவது கனவுங்கிற அர்த்தத்துல வச்ச பேர். நீளம் சுமார் 32 அடி, என் நண்பன் படகை விடச் சின்னது. மூன்றரை வருஷத்துல உலகத்தையே சுத்திட்டு 1931-ல திரும்பினார். அதுவரைக்கும் உலகத்தைச் சுத்தினதுலயே மிகச் சின்ன படகு அதுதான்.

1934-ல அதே படகுல மனைவி ஃப்ளோரன்ஸோட கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார். ஆள் இல்லாத ஒரு குடாவுல நங்கூரம் போட்டிருந்தப்போ வயித்துல வலி. அப்பெண்டிக்ஸ். அது வெடிச்சும் போச்சு.

யோசிச்சுப் பாருங்க. பென்சிலினை ஃப்ளெமிங் கண்டுபிடிச்சது 1928-ல. ஆனா அது மனுஷனுக்கு மருந்தா கைக்கு வந்தது 1940-கள்ல. அப்போ ஆன்டிபயாடிக் இல்லை. அவர் படகுல ரேடியோவும் இல்லை. அதிர்ஷ்டவசமா ஒரு சூரை மீன்பிடிக் கப்பல் அந்தக் குடாவுக்கு வந்துச்சு. அதுல ரேடியோ இருந்தது. செய்தி போய், 1,500 கிலோமீட்டருக்கு அப்பால பனாமா கால்வாய்ப் பகுதியில இருந்து அமெரிக்க ராணுவம் விமானமும் போர்க்கப்பலும் டாக்டர்களோட அனுப்பிச்சு. ஆபரேஷன் ஆச்சு. மனுஷன் பிழைச்சார். ஆனா ஸ்வாப் அவர் கைக்குத் திரும்ப வரவே இல்லை.

அதோட கடலே வேண்டாம்னு போயிருப்பார்னு நினைப்பீங்க. இல்லை.

அடுத்து அவர் கண்ணுல பட்டது யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில 1930-ல கட்டின அன்னபூரணி. ரெண்டு பாய்மரம், 89 அடி நீளம். நம்ம மேஸ்திரிகள் கட்டின கப்பல். அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கி, மனைவி பேரைச் சேர்த்து ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்னு மாத்தினார். ஒரு அமெரிக்கக் கேப்டன் தலைமையில வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிட்டுப் போய், 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகத்துல சேர்த்தாங்க. இலங்கைத் தமிழர்கள் இன்னைக்கும் பெருமையா சொல்ற பயணம் அது.

மூணாவதா வருவாங்கிற 70 அடி படகைத் தானே கட்டி, அதுல ஏறி டஹிட்டி தீவுக்குப் போய் அங்கேயே தங்கிட்டார். அங்க அவர் பார்த்தது என்ன தெரியுமா? யானைக்கால் நோய்.

நம்ம ஊர்ல யானைக்கால் பரப்புற க்யூலெக்ஸ் கொசு ராத்திரி கடிக்கும், சாக்கடைத் தண்ணியில வளரும். அங்க பரப்புறது பகல்ல கடிக்கிற ஏடிஸ் வகை. சிரட்டையில தேங்குற மழைத் தண்ணியே அதுக்குப் போதும். வயித்துல கத்தி பட்டு உயிர் பிழைச்ச அந்தப் படகுக்காரர், டஹிட்டியில மருத்துவ ஆராய்ச்சி நிலையம் உருவாகத் துணை நின்னார். டி.இ.சி. மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுத்து நோயைக் குறைக்க முடியுமான்னு பார்த்த ஆரம்பகால இடங்கள்ல டஹிட்டியும் ஒண்ணு. சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து கொடுக்கிற யானைக்கால் தடுப்பு மாத்திரையைத் தலையணைக்கு அடியில வைக்காம அவங்க முன்னாடியே முழுங்கிடுங்க. அதுக்குப் பின்னாடி இவ்வளவு தூரம் ஓடின கதை இருக்கு.

இன்னொருத்தர் நம்ம நாட்டுக்காரர். அப்போ கடற்படை அதிகாரியா இருந்த அபிலாஷ் டோமி. 2018-ல கோவாவுல கட்டின துரியாங்கிற 32 அடி படகுல, தனி ஆளா உலகம் சுத்துற கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார். செப்டம்பர் 21-ம் தேதி தென் இந்தியப் பெருங்கடல்ல புயல்ல படகு உருண்டு, பாய்மரம் முறிஞ்சு, அவர் முதுகெலும்பு உடைஞ்சது. எந்திரிக்கவே முடியலை. அந்த நிலையிலயும் அவர் செஞ்ச காரியம், தன் நிலைமையை உடனே செய்தியா அனுப்பினது. மூணு நாள்ல பிரெஞ்சுக் கப்பல் ஒண்ணு வந்து தூக்கிச்சு. முதுகுல டைட்டானியம் வச்சு ஆபரேஷன். 2022-ல அதே போட்டிக்குத் திரும்பப் போய், 2023-ல ரெண்டாவது இடம் வாங்கினார். அந்தத் தடவை படகு 36 அடி.

தைரியசாலிங்கதான். ஆனா அந்தத் தைரியத்துக்குள்ள "உதவி வேணும்"னு சொல்ற தைரியமும் இருக்கு. அதைத்தான் நம்ம ஊர்ல நான் தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்போ இலஞ்சிக்கு வாங்க.

ஒரு சீசன் நேரம். சாரல் விடாம அடிக்குது. ஐந்தருவி பக்கம் பழக்கடை போட்டிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன்னு மூணு மாசம் விக்கிறதுதான் அவருக்கு வருஷ வருமானம். மகள் கல்யாணக் கடன் வேற. மனைவிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தாங்க.

"வலி விட்டுட்டு சார். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டு விடுங்க. சீசன் முடிஞ்ச பொறவு ஸ்கேன் எடுத்துக்கிடுதேன்"னார்.

அந்த அக்கா சொன்னாங்க. "முந்தாநாள் ராத்திரி தொப்புளைச் சுத்தி வலிக்குன்னாரு சார். வாயுன்னு சோடா குடிச்சாரு. நேத்து வலது பக்கம் அடிவயித்துக்கு வந்துட்டுன்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாரு. இன்னைக்குக் காலையில திடீர்னு வலி கொறைஞ்சிட்டுங்காரு. ஆனா ஒரு வாய் கஞ்சி இறங்கல சார்."

படிக்கிற உங்களுக்கு இது நல்ல செய்தி மாதிரி தெரியும். எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

அப்பெண்டிக்ஸ்ங்கிறது ஒரு சின்னக் குழாய். வாய் அடைச்சு உள்ள சீழ் பிடிச்சு உப்பும்போது வலி ஏறும். உப்பி உப்பி ஒரு கட்டத்துல வெடிக்கும். வெடிச்ச உடனே அழுத்தம் குறையும். அதனால கொஞ்ச நேரம் வலியும் குறையும். பேஷன்ட் நிம்மதியா மூச்சு விடுவார். அதே நேரத்துல சீழ் வயிறு பூரா பரவ ஆரம்பிச்சிருக்கும். அந்த நிம்மதிதான் ஆளை ஏமாத்துறது.

நாடி 130. நாக்கு வறண்டு போச்சு. வயித்துல கை வச்சா பலகை மாதிரி இறுக்கம். அவர் மறுபடி சீசன்னு ஆரம்பிச்சார். நான் அவர்கிட்ட பேசலை. அந்த அக்காகிட்டதான் பேசினேன். "அக்கா, இப்ப முடிவு நீங்க எடுங்க. அண்ணாச்சியைக் கேக்காதீங்க."

நண்பன் படகுல இருந்த மூணாவது வரி.

அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. டிரிப் போட்டு, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, 108-ல தென்காசிக்கு அனுப்பினோம். அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். வெடிச்சுத்தான் இருந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்தார். புண்ணுல சீழ் வச்சு அது ஆற இன்னும் ஒரு மாசம். அந்த சீசன் போச்சு. கடன் கூடிச்சு. ஆள் இருக்கார்.

முதல் நாளே வந்திருந்தா? பெரும்பாலும் சின்ன ஆபரேஷன், ரெண்டு மூணு நாள்ல வீடு. வெடிக்காத சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதும்னு இப்போ ஆய்வுகள் சொல்லுது. ஆனா அதை ஸ்கேன் பார்த்து சர்ஜன்தான் முடிவு பண்ணணும். மெடிக்கல் ஷாப்போ யூடியூபோ இல்லை.

ராபின்சனுக்கு டாக்டர் 1,500 கிலோமீட்டர் தூரத்துல இருந்தார். அண்ணாச்சிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர். ஆனா கடையில இருந்து இறங்கி வர மூணு நாள் ஆச்சு. அவரை நான் குறை சொல்லமாட்டேன். தினக்கூலியும் சீசன் வியாபாரமும் செய்யுறவங்களுக்கு ஒரு நாள் படுத்தாலே அந்த நாள் சோறு இல்லை. வலியைத் தாங்குறது அவங்களுக்கு வீரம் இல்லை, கணக்கு. அந்தக் கணக்கு எங்க தப்பாகும்னு சொல்றதுக்குத்தான் இந்த நீள த்ரெட்.

அதனால ஒரு வேலை கொடுக்கிறேன். இன்னைக்கே ஒரு தாள் எடுத்து, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கும்போதே எழுதி, ஃபிரிட்ஜ் மேலயோ கேலண்டர் பக்கத்துலயோ ஒட்டுங்க.

வயிற்றுவலி ஆறு மணி நேரம் விடாம இருந்தா டாக்டரைப் பார்க்கணும்.

தொப்புள்ல ஆரம்பிச்சு வலது அடிவயித்துக்கு நகர்ந்தா, கூடவே பசியின்மை, வாந்தி, காய்ச்சல் இருந்தா, ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கடுமையா வலிச்சு திடீர்னு விட்டுட்டு, ஆனா ஆள் சோர்ந்தே இருந்தா அது குணம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி.

மேல்வயிறு வலி, வியர்வை, மூச்சு வாங்கல், அதுவும் நாற்பது வயசு தாண்டினவங்க, சர்க்கரை உள்ளவங்கன்னா வாயுன்னு சோடா குடிக்காதீங்க. உடனே ஈ.சி.ஜி. அது நெஞ்சு வலியா இருக்கலாம்.

மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயித்துல கடும் வலின்னா, கருப்பைக்கு வெளிய கரு தங்கியிருக்கலாம். ராத்திரின்னு பார்க்காதீங்க.

காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு பேதி மருந்து, எனிமா வேண்டாம். வலி மாத்திரை ஒண்ணு போட்டுட்டு டாக்டர்கிட்ட வர்றது தப்பில்லை. போட்டுட்டு வேலைக்குப் போறதுதான் தப்பு.

கடைசி வரி, பெரிய எழுத்துல: யாருக்கு வலியோ அவர் முடிவெடுக்கக் கூடாது. பக்கத்துலயே யார் முடிவெடுக்கணும்னு பேரையும் எழுதுங்க. தனியா இருக்கிற அம்மா அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேரும் நம்பரும். அதுக்கு மேல 108.

வயிற்றுவலி எல்லாம் அப்பெண்டிக்ஸ் இல்லை. 1968-69-ல தனியாளா நிக்காம உலகம் சுத்தின ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில கட்டின சுஹைலி படகுல போகும்போது வயிறு வலிச்சு அப்பெண்டிக்ஸோன்னு பயந்திருக்கார். கடைசியில அது அஜீரணம். பத்துப் பேர் பயந்துட்டு வந்து ஒன்பது பேர் அஜீரணம்னு திரும்பிப் போனா எனக்குச் சந்தோஷம்தான். "இதுக்கா வந்தீங்க?"ன்னு இலஞ்சியில நான் யாரையும் கேக்கமாட்டேன். உங்க ஊர்ல எந்த டாக்டராவது கேட்டாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் போங்க.

தாளை ஒட்டினவங்க கமெண்ட்ல ஒரு போட்டோ போடுங்க. பழக்கடை அண்ணாச்சி வீட்டுல மெடிக்கல் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதி ஏற்கெனவே ஒட்டியாச்சு. முடிவெடுக்கிறவர் பேர் போடுற இடத்துல அந்த அக்கா தன் பேரை மட்டும்தான் எழுதியிருக்காங்க.